தேசப்பன் கொடுத்த நல்ல ரத்தம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு தேசப்பன் எந்த மருத்துவப் பரிசோதனையிலும் தோற்றதில்லை. எதிலும் கலந்துகொண்டதில்லை என்பது வேறு விஷயம்.

எளாவூர்ப் பக்கம் பிறந்தவன். அப்பா அடுத்தவர் வயலில் நாற்று பிடுங்கினார். இவன் கம்பி உருட்டும் மில்லில் சூப்பர்வைசர். அப்பாவிடமிருந்து நிலம் வரவில்லை, மஞ்சள் கண் வந்தது. தம்பி சாலமோனுக்கும் அதே கண். தெருவில் இவர்கள் பெயர் காமாலை வீட்டார். ஒவ்வொரு கோடைக்கும் அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, உப்பில்லாத கஞ்சியை ஊற்றி, பிள்ளைகளை வெயிலில் விடாமல் பூட்டி வைப்பாள். கண்ணில் மஞ்சள் போகவில்லை. நாக்கில் ருசிதான் போயிற்று. ஆனாலும் அடுத்த கோடைக்கு அதே வைத்தியம். பலிக்காத மருந்தை விட்டுவிட நம் ஜனங்களுக்கு மனசே வராது.

முதன்முதலாக வேலை கேட்டுப் போனபோது கம்பெனி டாக்டர் அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "காமாலை. குணமானப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார். குணமாகட்டும் என்று தேசப்பன் காத்திருந்தான். காத்திருந்து அலுத்தபோது ஒரு கூட்டாளி வழி சொன்னான். ரத்தம் எடுக்கிற இடத்தில் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. யார் கையை நீட்டுகிறானோ அவன்தான் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன். கூட்டாளியே போய் நீட்டினான். கண்ணுக்கு என்ன செய்வது? டாக்டர் அறைக்குள் போகுமுன் தேசப்பன் இரண்டு கண்ணையும் நன்றாகக் கசக்கிச் சிவக்கவைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றான். சிவப்புக்குள் மஞ்சள் ஒளிந்துகொண்டது. வேலை கிடைத்தது.

கற்ற வித்தையை அவன் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, அந்தப் பெருந்தன்மையைச் சொல்லத்தான் வேண்டும். கான்ட்ராக்டருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற இடத்துக்கு உயர்ந்ததும், சர்க்கரைக்காரனுக்கும் சோகைக்காரனுக்கும் நல்ல ரத்தம் ஏற்பாடு செய்வது அவன் பொறுப்பாயிற்று. அதற்கென்றே ஒருவன் இருந்தான். அன்புசெல்வன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், முப்பத்திரண்டு வயது, ஞாயிற்றுக்கிழமைகளில் கபடி. முழங்கையை மடக்கினால் நரம்பு கயிறாகப் புடைக்கும். வெல்டர் பெயரிலும் ஃபிட்டர் பெயரிலும், ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு வாட்ச்மேன் பெயரிலும் அவன் ரத்தம் கொடுத்திருக்கிறான். சிப்காட்டில் அவன் ரத்தம் ஓடாத தொழிற்சாலை குறைவு. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பிரியாணி. இழந்த சத்தை ஈடுகட்ட வேண்டும் அல்லவா.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகள் மெர்சிக்குக் காய்ச்சல் வந்தது.

மெர்சிக்கு இருபத்துநாலு வயது. உதிரி பாகங்களைப் பெட்டியில் அடுக்குகிற கம்பெனியில் வேலை. அவளுக்கும் கண் லேசாக மஞ்சள். மை போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தாள். வந்தது சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், கூட வேலை செய்த பெண்கள் மாத்திரை போட்டு எழுந்துவிட்டார்கள். இவள் மட்டும் லைனிலேயே மயங்கி விழுந்தாள். உடம்பில் ரத்தம் பாதிகூட இல்லை. சென்னைக்குக் கொண்டு போய், ஆராய்ச்சியும் நடக்கிற ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். டாக்டர் அருணா என்பவர் அவள் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பணுக்களின் சவ்வைப் பற்றி ஆராய்கிறவர் அவர். பார்த்தவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நோயாளியைப் பார்த்து டாக்டர் உற்சாகமானால் வீட்டுக்காரர்கள் கவலைப்பட ஆரம்பிக்கலாம்.

மெர்சியின் அம்மா மேரியை உட்காரவைத்து அவர் விளக்கினார்.

"ரத்தத்துல இருக்கற சிவப்பு செல்லுக்கு வெளியில ஒரு மெல்லிய சவ்வு இருக்கும்மா. அதுக்கு உள்பக்கம் வலை பின்னினாப்பல புரோட்டீன் தாங்கிப் பிடிச்சிருக்கும். அந்தப் பிடிமானம் தளர்ந்தா சவ்வு கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்துடும். தட்டையா இருக்க வேண்டிய செல் உருண்டையாயிடும்."

"உருண்டையானா இன்னா டாக்டர்?"

"மண்ணீரல்ல ரொம்பக் குறுகலான சந்து நிறைய இருக்கு. தட்டையான செல் வளைஞ்சு நெளிஞ்சு வெளியில வந்துடும். உருண்டை மாட்டிக்கும். மாட்டினதை மண்ணீரல் அழிச்சுடும். அழியற ரத்தத்தோட மஞ்சள்தான் கண்ணுல தெரியுது. உடம்பு புதுசு புதுசா செஞ்சு ஈடு கட்டிட்டே இருக்கும். காய்ச்சல் வந்து அந்த உற்பத்தி கொஞ்ச நாள் நின்னா, இப்படித்தான் மயக்கம்."

"அப்ப ஈரல்ல ஒண்ணும் இல்லியா? குழந்தையில இருந்து கீழாநெல்லி ஊத்தி ஊத்தி வெச்சிகினு இருந்தமே?"

"ஈரல் பாவம்மா. அது ஒரு தப்பும் செய்யல."

சந்தேகத்தை உறுதி செய்ய ஒரு சோதனை. செல்களை நீர்த்துக்கொண்டே போகிற உப்புத் தண்ணீரில் போட்டு, எது எப்போது உடைகிறது என்று பார்ப்பது. மெர்சியின் செல்கள் மற்றவர்களுடையவற்றைவிடச் சீக்கிரம் உடைந்தன. ஆனால் உடம்பு தன் ரத்தத்தைத் தானே தாக்குகிற வேறொரு நோயிலும் செல்கள் இப்படி உருண்டையாகும், இப்படி உடையும். இரண்டில் எது? பிறவியிலேயே வருகிற சவ்வுக் குறை என்றால் பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருக்கும். ஆகவே இருவர் ரத்தமும் வேண்டும்.

மேரி அங்கேயே கையை நீட்டிக் கொடுத்துவிட்டாள். ஷிஃப்டை விட்டுச் சென்னைக்கு வர முடியாது என்று தேசப்பன் போனில் சொன்னான். கும்மிடிப்பூண்டியில் ரத்தம் சேகரிக்கிற ஒரு கிளினிக்கிலேயே கொடுக்கட்டும் என்று அருணா ஏற்பாடு செய்தார். நல்ல மனசு. அதனால் வந்த வினைதான் எல்லாம்.

தேசப்பன் கெட்ட தகப்பன் இல்லை. அன்று முழுவதும் மகளை நினைத்துத்தான் யோசித்தான். அவனுக்குத் தெரிந்த உலகத்தில் டெஸ்ட் என்றால் பாஸ் பண்ண வேண்டிய ஒன்று. ஃபெயில் ஆனால் வேலை போகும். இங்கே அப்பன் ஃபெயிலானால் மகள் கதி என்ன? பரம்பரை வியாதி என்று எழுதிவிட்டால் அந்தப் பெண்ணை எவன் கட்டுவான்? போதாததற்கு, ரத்தம் கொடுக்கிறவர் வேலை பார்க்கும் இடத்தையும் கேட்டிருந்தார்கள். மகளுக்கென்று ஒரு நல்ல ரிப்போர்ட்கூட வாங்கித் தராதவன் என்ன தகப்பன்?

"தம்பி, நாளைக்கு ஒரு ரத்தம் குடுக்கணும்" என்றான் அன்புசெல்வனிடம்.

"யாருக்குண்ணா?"

"எனக்குத்தான்டா."

"போன மாசந்தான் உனக்குக் குடுத்தேன். மறுபடி இன்னா?"

"இது கம்பெனிக்கு இல்ல, பாப்பா ஆஸ்பத்திரிக்கு. நல்லா துன்னுட்டுப் போ. சுத்தமா இருக்கணும் ரத்தம்."

கிளினிக்கில் ரத்தம் எடுத்த பையன் சீட்டைப் பார்த்தான். வயது ஐம்பத்துநாலு. கையைப் பார்த்தான். "சூப்பரா மெயின்டெயின் பண்றீங்க சார்" என்றான்.

"எல்லாம் கபடிதான் தம்பி" என்றான் அன்புசெல்வன். அதுவரைக்கும் உண்மைதான் பேசினான்.

ரிப்போர்ட் பிரமாதமாக வந்தது. அப்பாவின் சவ்வு கல்லுப்போல் உறுதி, அம்மாவுக்கும் குறையில்லை. அருணா குழம்பிப்போனார். பெற்றோர் இருவருக்கும் இல்லை என்றால், உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்கிற நோயாக இருக்கலாம். அதற்கான வழக்கமான சோதனையில் அப்படித் தெரியவில்லைதான், ஆனாலும் சிலருக்கு அதில் தப்பிவிடும். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்.

"பாத்தியா, நம்ம ரிப்போர்ட்டு கிளீனு" என்றான் தேசப்பன் வீட்டில். மேரி அவன் கண்ணைப் பார்த்தாள். மஞ்சளாகத்தான் இருந்தது. படித்தவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஆயுளில் அவள் செய்த ஒரே சோம்பேறித்தனம்.

ஸ்டீராய்டு மாத்திரை என்ன செய்யும் என்பது நோயாளி பார்த்தவர்களுக்குத் தெரியும். மெர்சியின் முகம் பூசணிக்காயாக உப்பியது. ராத்திரி தூக்கம் இல்லை, பகலெல்லாம் பசி. சர்க்கரை ஏறியது. தட்டில் சோறு குறைந்தால் அழுதாள், நிறைந்தால் திட்டினாள். ஏறாத ஒன்று ரத்தம் மட்டுமே. சபையிலிருந்து ஜெபம் பண்ண வந்த பெண்கள், "பொண்ணு நல்லா சதை போட்டுக்கிச்சு, ஸ்தோத்திரம்" என்றார்கள். மெர்சி அவர்களுக்குச் சொன்ன பதிலை எழுத முடியாது. அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை.

"யம்மா, எனக்கு இந்த மாத்திரையே வாணாம். கண்ணாடிய பாத்தா யாரோ மாதிரி கீறேன்."

"துன்னுடி. படிச்சவங்க தெரியாமலா குடுக்கறாங்க?"

"துன்னுனுதான் கீறேன். நைனா மாதிரி எனக்கும் கல்லு கணக்கா சவ்வு இருந்திருந்தா இந்த பேஜாரு உண்டா?"

அறை வாசலில் நின்ற தேசப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். அன்று அவனுக்கு ஷிஃப்டே கிடையாது.

மாத்திரை பலிக்கவில்லை என்று தெரிந்ததும் அருணா அடுத்த படிக்குப் போனார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்குகிற ஊசி. வருகிற திங்கட்கிழமை முதல் ஊசி போடுவதாகத் திட்டம். போட்டால் கொஞ்ச காலத்துக்குச் சாதாரணக் கிருமிக்கும் பயந்து பயந்து இருக்க வேண்டும். அதற்கு முன் எதற்கும் இருக்கட்டும் என்று, ஏற்கெனவே கொடுத்த மூன்று பேர் ரத்தத்திலும் மரபணுவைப் பார்க்க அனுப்பியிருந்தார். அந்த முடிவு வந்தது. அப்பா அம்மா இருவரும் உடனே வரவேண்டும் என்று போன் வந்தது.

தேசப்பன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போனான். கண் ஆபரேஷன் செய்தவன்போல் இருந்தது, அதுதான் அவனுக்கும் வேண்டியது. ஆனால் டாக்டர் மேரியை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தேசப்பன் பெஞ்சில் உட்கார்ந்து, நல்ல செய்தியைக் கதவைச் சாத்திச் சொல்வார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே டாக்டர் அருணா தண்ணீர் குடித்தார். மேஜையில் கிடந்த பேனாவை நேராக வைத்தார்.

"அம்மா, இது இந்த ரூமைத் தாண்டிப் போகாது. நான் யாரையும் தப்பா நினைக்கறவ இல்ல. மெர்சி மரபணுல ஒரு பிசகு தெரியுது, அது அப்பா வழியில வந்ததான்னு பாக்கணும். அவ வைத்தியத்துக்காக மட்டும்தான் கேக்கறேன். அவளோட... சொந்த அப்பாவை வரச்சொல்ல முடியுமா?"

"வெளில உக்காந்துனு கீறாரே."

"அவர் இல்லம்மா. சொந்த அப்பா."

மேரிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கதவு திறந்த சத்தத்தில் வரிசையில் இருந்த நோயாளிகள் எல்லாம் எழுந்து நின்றார்கள்.

"யோவ்! உள்ள வா!"

தேசப்பன் வந்தான்.

"இந்தம்மா கேக்குது, மெர்சிக்கு அப்பன் எவன்னு. ரத்தத்துல பாத்தாங்களாம். நீ இல்லியாம். சொல்லுய்யா, எவன்?"

தேசப்பன் வாயைத் திறந்தான். திறந்தபடியே கணக்குப் போட்டான். உண்மையைச் சொன்னால் இது கம்பெனிக்குப் போகுமா, கான்ட்ராக்டருக்குப் போகுமா, இத்தனை காலம் தான் சேர்த்துவிட்ட ஆட்கள் கதி என்னவாகும் என்று யோசித்தான். சொல்லாமல் விட்டால்? கட்டின நாள் முதல் தெருக்குழாயில் அடுத்தவனிடம் ஒரு வார்த்தை பேசாத பெண்டாட்டி, வேறெவனுக்கோ பிள்ளை பெற்றவளாக இந்த மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடுவாள். மேரியின் மானத்தையும் தன் செல்வாக்கையும் தராசில் வைத்து ஒரு மனிதன் நிறுத்துக்கொண்டு நின்றான். முள் எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்கே தெரியவில்லை. நிறுத்து முடிக்க மேரி விடவில்லை.

"அந்தக் கண்ணாடிய கழட்டு."

"கண்ணுக்கு வெளிச்சம் ஆவல..."

அவளே பிடுங்கினாள். "டாக்டரம்மா, இந்தக் கண்ண பாருங்க. என் பொண்ணு கண்ணையும் பாருங்க. இதுக்கு எதுக்கும்மா மிஷினு?"

டாக்டர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேடம்" என்றான் தேசப்பன், தரையைப் பார்த்து. "ரிப்போர்ட்டுல தப்பு இல்ல. ஆளுதான் மாறிப்போச்சு."

"யார்யா குடுத்தது?" என்றாள் மேரி.

"அன்பு."

"எந்த அன்பு? கபடி அன்பா? அட பாவி மனுசா! மெர்சி பொறந்தப்ப அவன் மூக்கு ஒழுக அரை டிராயர் போட்டுகினு சுத்திகினு இருந்தான்! அவனையா எனக்கு ஜோடி சேத்துட்டு வந்து நிக்கற?"

அருணாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியது, ஏனென்றால் வழக்கமான சோதனையில் பிடிபடாமல் உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்கிற மிக அரிதான நோய் என்று ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தார். அரிதாக இருந்தது நோயல்ல, தேசப்பன்தான். பேனாவை மறுபடி நேராக வைத்தார்.

"ஏன் சார்? இது உங்க பொண்ணு இல்லையா?"

"பொண்ணுக்காகத்தான் மேடம். நம்ம ரத்தம் ஃபெயிலாயிடும்னு தெரியும். நல்ல ரத்தமா குடுத்தா பாப்பாவுக்கு நல்லதுன்னு..."

"நீங்க பாஸாகணும்னு இந்த டெஸ்ட் எடுக்கல சார். ஃபெயிலானா, இது பரம்பரையா வர்ற சவ்வுக் குறைதான்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இந்த மாத்திரையே கொடுத்திருக்க மாட்டோம்."

தேசப்பன் நிமிர்ந்தான். "ஃபெயிலாயிருந்தா பாப்பா மூஞ்சி வீங்கியிருக்காதா?"

"வீங்கியிருக்காது."

தேசப்பன் நேரே சோதனைக்கூடத்துக்கு நடந்தான். சட்டைக் கையை மேலே சுருட்டினான். சோதனைக்கூடத்தில் இருந்த பெண் ஆதார் அட்டையைக் கேட்டாள், படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு டாக்டரே வந்து பக்கத்தில் நின்றார். ஊசி ஏறியபோது தேசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இத்தனை பேருக்கு ரத்தம் ஏற்பாடு செய்தவனுக்கு ஊசியைக் கண்டால் பயம் என்பது அன்றுதான் மேரிக்குத் தெரிந்தது.

"இது கம்பெனிக்குப் போவுமா மேடம்?"

"போகாது. எங்க ஆராய்ச்சிக்கும் மெர்சி வைத்தியத்துக்கும் மட்டும்தான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"அந்தக் கிளினிக்ல சொல்லச் சொல்லியிருந்தேன் சார். உங்க பேர்ல வேற யாரோ கேட்டுட்டுப் போயிருக்காங்க."

திங்கட்கிழமைக்கு முன் முடிவு வந்தது. உப்புத் தண்ணீரில் தேசப்பனின் செல்கள் மகளுடையவற்றைப் போலவே சீக்கிரம் உடைந்தன. மரபணுவிலும் இருவருக்கும் ஒரே இடத்தில் ஒரே பிசகு. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தப் பெயரில் தேர்வு எழுதி, முழுமையாகத் தோற்றிருந்தான். கட்டுரையை அருணா திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஊசி ரத்தானது. ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குறைத்தார்கள். தினம் ஒரு ஃபோலிக் ஆசிட் மாத்திரை, அவ்வப்போது ரத்த அளவு. மண்ணீரலை எடுப்பதா வேண்டாமா என்பதைப் பொறுத்துப் பார்த்துச் சொல்வதாக டாக்டர் சொன்னார். அவசரமில்லையாம். அப்பனுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கற்கள் இருந்தன. டீ குடித்தால் வருகிற வலி என்று இத்தனை வருடமாக அவன் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான்.

திருந்தினானா என்றால், மில்லில் அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு யார் கையை நீட்டினார்கள் என்று கேட்காமல் இருப்பது நல்லது. மஞ்சள் கண்ணைக் கண்டால் காரணம் கேட்காமல் துரத்துகிற டாக்டர்களும் திருந்தவில்லை. மெர்சி மட்டும் அவனோடு சில நாள் பேசவில்லை. கன்னத்து எலும்பு மறுபடி தெரிய ஆரம்பித்த பிறகு பேசினாள்.

"நைனா, உன் பொண்ணுன்னு நான் நிரூபிக்க இவ்ளோ மூஞ்சி வீங்கணுமா?"

"தெரியாம பண்ணிட்டேன் பாப்பா."

"தெரிஞ்சி பண்றதுக்குத்தான் அன்பு அண்ணன வெச்சினு கீறியே."

அருணா ஆராய்ச்சியை விடுகிறவர் இல்லை. தேசப்பன் பக்கத்து உறவினர்களில் மஞ்சள் கண் உள்ள எல்லோருடைய ரத்தமும் வேண்டும், யாருக்கு எவ்வளவு சவ்வு உதிர்கிறது, ஏன் ஒருவர் ஃபர்னஸ் முன் நிற்க இன்னொருவர் மயங்கி விழுகிறார் என்று பார்க்க வேண்டும் என்றார். சாலமோனின் பையன் ஒருவன் அடிக்கடி வெளுத்துப்போய்ப் பள்ளிக்கூடம் போகாமல் கிடக்கிறான் என்பதும் பேச்சில் வந்தது. அவனுக்கும் இன்னமும் கீழாநெல்லிதான்.

தேசப்பன் தம்பிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டான். சவ்வு, வலை, உருண்டை, சந்து எல்லாவற்றையும், கோணிப்போன இரும்புக் கட்டை உருளைக்குள் மாட்டிக்கொள்கிற கணக்கில், தான் கண்டுபிடித்ததுபோல விளக்கினான். கடைசியில், "பையனையும் இட்டுனு வா. சனிக்கிழம ரத்தம் குடுக்கணும்" என்றான்.

"சரிண்ணா" என்றான் சாலமோன். "யார அனுப்பட்டும்?"

மேரி போனைப் பிடுங்கினாள்.